பையில் எழுதிய பெயர்கள்

நான் துப்பிய கொட்டையில் முளைத்த மரம் அது. கல்யாணமாகி நாகசாகியின் இந்தப் படிக்கட்டுச் சந்துக்கு வந்த முதல் கோடையில், லோக்வாட் என்ற மஞ்சள் பழத்தைத் தின்று கொட்டையைச் சமையலறை ஜன்னல் வழியாகத் துப்பினேன். அது செடியானதும் மாமியார் பதறிப்போனார்.

"பிடுங்கிப் போடு, தமாயோ. வீட்டுத் தோட்டத்துல இது நின்னா யாராவது படுக்கையில விழுவாங்க. நோயாளி முனகுறதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த மரம் தழைக்கும்."

நான் பிடுங்கவில்லை. என் கணவர் ஹெய்ஜி யார் பக்கமும் பேசாமல், மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போனார். மாமியார் தொண்ணூறு தாண்டி, ஒரு நாள்கூடப் படுக்காமல் போய்ச் சேர்ந்தார். அதை மரத்தின் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. சந்துக்காரர்கள் அதன் இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுக் குடிப்பார்கள். குடித்துவிட்டு, ஆகாத மரம் என்பார்கள்.

போன குளிர்காலத்தில் மரம் பூத்திருந்தபோது ஹெய்ஜி விழுந்தார். ஒரு பக்கம் கை கால் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. முனகல் மட்டும்தான். புத்தாண்டுக்கு வந்த நாத்தனார் கிகுனோ வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"மரத்தை வெட்டு. என் தம்பி உசுரு பெருசா, உன் பழம் பெருசா?"

வெட்ட மாட்டேன் என்றேன். அன்று எனக்கும் பயம் வந்தது, பொய் சொல்லவில்லை. மரத்தடியில் போய் நின்று பார்த்தேன். நிற்க நிற்கப் பயம் போய்க் கோபம் வந்தது. நோய் வராத வீடு இந்தச் சந்தில் எது?

பிஞ்சு பிடித்ததும் வழக்கம்போல் கொத்துக்கு இரண்டு மூன்று விட்டு மற்றதைக் கிள்ளினேன். பூச்சியும் பறவையும் தொடாமலிருக்கக் காகிதப் பை கட்டினேன். இந்த முறை புத்தாண்டு வாழ்த்து எழுதும் தூரிகைப் பேனாவை எடுத்து ஒவ்வொரு பையிலும் நோய் வந்த ஒரு வீட்டையும், அங்கே இந்த மரம் இல்லை என்பதையும் எழுதினேன். 'கானெதா வீடு, சிறுநீரகம். லோக்வாட் இல்லை.' 'மீன்கடை வீடு, சர்க்கரை. லோக்வாட் இல்லை.' மரம் முழுக்க அப்படியே.

கானெதா வீட்டம்மா ஓடி வந்தாள். "எங்க பேரை அழி! சந்தே பாத்துச் சிரிக்குது!"

"பழுக்கட்டும்க்கா, பையோடவே தர்றேன்."

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, மரம் வெட்டும் மொரிட்டாவைக் கூட்டிக்கொண்டு கிகுனோ வந்தாள். வெட்டுமுன் பரிகாரமாக வேரில் ஊற்றச் சாக்கே மதுவும் தெளிக்க உப்பும் கையோடு கொண்டுவந்திருந்தாள். மொரிட்டா ரம்பத்தோடு நிமிர்ந்தவன் பைகளைப் படிக்க ஆரம்பித்தான். படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"இது எங்கப்பா மூட்டுவலியில்ல?" என்று சிரித்துவிட்டான். "எங்க வீட்டுல தொட்டிச்செடி கூடக் கிடையாதே!"

கிகுனோ சிரிக்கவில்லை. தாழ்ந்த கிளையில் அவள் கண் நின்றது. 'ஷோஸோ, நுரையீரல். லோக்வாட் இல்லை.' அவள் புருஷன்.

"செத்தவரை மரத்துல கட்டித் தொங்கவிட்டிருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

சுருக்கென்றது. ஆனாலும் நான் அசையவில்லை. "ஷோஸோ அண்ணன் எந்த மரத்தால போனாரு? சொல்லுங்கண்ணி. அதையும் சேத்து வெட்டிரலாம்."

அப்போது உள்ளேயிருந்து ஹெய்ஜி முனகினார். நீளமாக.

"கேட்டியா?" கிகுனோ மரத்தைக் காட்டினாள். "இதைக் கேக்கத்தான் இந்தச் சனியன் நிக்குது!"

"கேக்கட்டும்! அவர் ராப்பகலா முனகுறாரு. புத்தாண்டுக்கு வந்தீங்களே, அந்த ரூமுக்குள்ள எட்டிப் பாத்தீங்களா? இன்னிக்கும் செருப்பைக் கழட்டாம தோட்டத்துக்கு வந்துட்டீங்க. உங்க தம்பி முனகுறதைக் கேக்க ஒரு மரமாவது இருக்கே அண்ணி!"

அவள் முகம் வெளுத்தது. மொரிட்டா ரம்பத்தைத் தோளில் போட்டான். "சாக்கே வீணாப் போவாம நான் பாத்துக்கிறேன்" என்று பாட்டிலோடு படியிறங்கிவிட்டான்.

கிகுனோ ஷோஸோவின் பையைக் கிழிக்காமல் அவிழ்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே இருந்த மூன்று பழங்களையும் பறித்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போனாள்.

"நல்லா பிசைஞ்சு குடுங்கண்ணி, தொண்டையில சிக்கும்!" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியும், என் தம்பிதானே!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். அப்புறம் அழுகை கேட்டது. அது ஹெய்ஜியுடையது இல்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த அறை ஜன்னல் வழியாக ஒரு கொட்டை பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. அதைக் காலாலேயே மண் தள்ளி மூடினேன்.