வெண்ணெய்ப் பெட்டியில் அறுபத்தொரு ஓட்டு

அந்த மாநிலம் பிறந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஆளுநர், நிதி, நிலம், சட்டம் என்று எல்லா நாற்காலிகளையும் ஆண்கள் தங்களுக்கே பங்கு போட்டுக்கொண்டார்கள். பெண்கள் விடாமல் நச்சரித்ததால் ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் அவர்களுக்கும் வாய் திறக்க அனுமதி கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் தலைமை வகிக்கிற மாநிலக் கல்வி அதிகாரி யார் என்பதற்குப் பெண்கள் ஓட்டுப் போடலாம், அதற்குப் போட்டியும் இடலாம். ஆனால் ஆண்களின் பெட்டியில் அவர்கள் சீட்டு விழக்கூடாது. தீட்டோ என்னவோ, தனிப்பெட்டி வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

எல்க் கிரீக் ஊரில் அந்தத் தனிப்பெட்டியைச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தேர்தல் அன்று காலையில் பால்பண்ணைக்காரர் ஒரு வெண்ணெய்ப் பெட்டியைக் கழுவிக் கொடுத்தார். அதில் அறுபத்தொரு பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். பாதிப் பேர் கைக்குழந்தையோடு வந்தார்கள், மூன்று பேர் உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். கல்யாண வீடு தோற்றது.

இப்போது ஒரு வாரம் கழித்து, ஊரே திரண்டிருந்த நீதிமன்ற மாடிக் கூடத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ராக்னா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாநிலம் முழுக்க எண்ணி முடித்தாகிவிட்டது. இப்போதைய அதிகாரி விட்காம்ப், ராக்னாவைவிட நாற்பத்தெட்டு ஓட்டு முன்னால் இருந்தார். அவருக்கும் சொந்த ஊர் எல்க் கிரீக்தான், எண்ணிக்கையைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்திருந்தார். எண்ண வேண்டியது இந்த ஒரு பெட்டி மட்டும்தான். எண்பத்துமூன்று ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்களுக்கு நான்கு வருடமாகக் குதிரைவண்டி ஓட்டிக்கொண்டு போய்வந்த மாவட்டக் கல்வி அதிகாரி ராக்னா. கூரை ஒழுகுகிற பள்ளி எது, அடுப்புக்கு விறகில்லாத பள்ளி எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். வெளியில் சொல்லாவிட்டாலும் வெறித்தனமாக வேண்டும்.

"டீச்சர், பயப்படாதீங்க," என்று அவள் காதில் சொன்னாள் பெரித். ஏழு பிள்ளை பெற்றவள், ராக்னாவுக்காக மாவட்டம் முழுக்க வாயாலேயே பிரசாரம் செய்தவள். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே அச்சுப் பிசகாம போட்டிருக்கோம்."

"எப்படிப் போட்டீங்க?"

"உங்க பேருக்கு நேரா குறி. மேல நம்ம பேரு. அழகா."

ராக்னா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "பேரா? உங்க பேரா?"

"ஆமா. வகுப்புல அப்படித்தானே போட்டோம்? பேர் இல்லாத தாளை அடுப்புல போட்டுடுவேன்னு சொன்னீங்களே."

சொன்னாள்தான். ஓட்டுப் போட்டே பழக்கமில்லாத பெண்களுக்காக ஊர் ஊராகப் பயிற்சி வகுப்பு நடத்தினாள். போட்ட சீட்டைத் திருத்தி யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரிய வேண்டுமே, அதனால் மேலே பெயர் எழுதச் சொன்னாள். நிஜமான சீட்டில் பெயர் எழுதக்கூடாது என்று சொல்ல மறந்துபோனாள். முன்பு டீச்சராக இருந்து பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து வைத்து, தாள் என்றால் பெயர் என்று அவளுக்கே மண்டையில் ஏறியிருந்தது. ரகசிய ஓட்டுச் சீட்டில் பெயர் இருந்து, யாராவது ஆட்சேபம் சொன்னால் அது செல்லாது. அறுபத்தொரு பேரையும் தன் கையாலேயே கவிழ்த்துவிட்டோமே என்று சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றியது.

எண்ணுகிற குமாஸ்தா ஆஸ்முண்ட் பெட்டியைத் திறந்தார். முதல் சீட்டை எடுத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதுல பேர் எழுதியிருக்கு."

விட்காம்பின் வக்கீல் கிராடிக்கு வாயெல்லாம் பல். "ஆட்சேபம். செல்லாது. அடுத்தது?"

"அடுத்ததுலயும் எழுதியிருக்கு."

"அதுவும் செல்லாது. ஐயா, ஒவ்வொண்ணா பேரைச் சத்தமா வாசிச்சு அடிங்க. இந்த அம்மாங்க எப்படி ஓட்டுப் போடுறாங்கன்னு ஊர் தெரிஞ்சுக்கட்டும்."

கிராடி அங்கேதான் தப்புக்கணக்குப் போட்டார். பெயரைச் சத்தமாக வாசித்தால் பெண்கள் கூனிக்குறுகிப் போவார்கள் என்று நினைத்தார்.

"பெரித் ஹாகன். குறி, ராக்னா டீச்சருக்கு," என்று வாசித்தார் ஆஸ்முண்ட்.

"இங்கதான் இருக்கேன்," என்று பெரித் எழுந்து நின்றாள். "என்னோடதுதான். கையெழுத்து கொஞ்சம் கோணல், மடியில சின்னவன் இருந்தான்."

கூடம் சிரித்தது. அடுத்த பெயருக்கு இன்னொருத்தி எழுந்தாள். பிறகு ஒரு மாமியாரும், அவளையடுத்து அவள் மருமகளும் எழுந்தார்கள். அவள் ராக்னாவுக்குப் போட்டதை இவளும், இவள் ராக்னாவுக்குப் போட்டதை அவளும் அப்போதுதான் தெரிந்துகொண்டு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு கோதுமை வியாபாரி தன் மனைவியைப் பார்த்து, "விட்காம்புக்குத்தானே போடறேன்னு சொன்னே?" என்று கேட்டார். "நீங்க கேட்டீங்க, நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்," என்றாள் அவள். பின்வரிசையில் யாரோ தரையைத் தட்டிச் சிரித்தார்கள். ஆஸ்முண்ட் மேஜையைத் தட்டிப் பார்த்தார், யாரும் கேட்பதாக இல்லை. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

ராக்னாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை பேரும் தலைநிமிர்ந்து எழுந்து நிற்கிறார்கள், அத்தனையும் வீணாகப் போகிறது.

இருபதாவதோ இருபத்தொன்றாவதோ, ஒரு சீட்டை எடுத்த ஆஸ்முண்ட் வாசிக்காமல் அப்படியே நின்றார். விட்காம்பைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார்.

"வாசிங்கய்யா," என்றார் கிராடி.

"லவீனியா விட்காம்ப்," என்றார் ஆஸ்முண்ட். "குறி, ராக்னா டீச்சர் பேருக்கு நேரா."

கூடமே விட்காம்ப் பக்கம் திரும்பியது. ராக்னா மேஜைக்கு மேல் குனிந்து அந்தச் சீட்டைப் பார்த்தாள். சாய்ந்து, வரிசை பிசகாமல் ஓடுகிற அந்தக் கையெழுத்தை அவள் நான்கு வருடமாகப் பார்த்துவருகிறாள். தலைநகரிலிருந்து அவளுக்கு வந்த எல்லாக் கடிதமும் அந்தக் கையெழுத்தில்தான் வந்தது. கீழே மட்டும் விட்காம்ப் என்று இருக்கும்.

முன்வரிசையில் தொப்பி வைத்த ஒல்லியான பெண்மணி எழுந்தாள்.

"என்னோடதுதான்," என்றாள் லவீனியா.

"அம்மா, நீங்களும் டீச்சரோட வகுப்புக்குப் போனீங்களா?" என்று குழறினார் கிராடி.

"போகலை. பேர் எழுதக்கூடாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்த விதியை ஊர் ஊரா எழுதி அனுப்பினதே நான்தான்."

"அப்புறம் ஏன்?"

"வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி நின்னவங்க எல்லாரும் பேர் எழுதறதைப் பாத்தேன். நீங்க அத்தனையையும் அடிச்சுத் தள்ளுவீங்கன்னு புரிஞ்சது. சரி, அடிக்கறதானா என்னோடதையும் சேத்து அடிக்கட்டும்னு எழுதினேன்." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, எண்பத்துமூணு பள்ளிக்கூடத்தைப் பத்தி இந்தப் பொண்ணு எழுதி அனுப்பினதெல்லாம் நான் வாசிச்சேன். பதிலும் நான்தான் எழுதினேன். நீங்க ஒண்ணையாவது பிரிச்சுப் பாத்தீங்களா?"

விட்காம்ப் கெட்டவர் இல்லை. நல்ல தாடி, நல்ல குரல், மேடையேறினால் பிள்ளைகளைப் பற்றி அருமையாகப் பேசுவார். வேலையென்று வரும்போதுதான் ஆள் இருக்கமாட்டார். அவர் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது.

"ஐயா, ஆட்சேபத்தை எழுதிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார் ஆஸ்முண்ட்.

விட்காம்ப் மனைவியைப் பார்த்தபடி தாடியைத் தடவினார். "வேண்டாம்," என்றார்.

"இது ஒண்ணுக்கா?" என்று பதறினார் கிராடி.

"எல்லாத்துக்கும். யோவ், நீ வண்டியேறிப் போயிடுவே. நான் இவகூட வீட்டுக்குப் போகணும்."

அதற்குமேல் அந்தக் கூடத்தை யாராலும் அடக்க முடியவில்லை. ஆஸ்முண்ட் சிரிப்புக்கும் குழந்தைகளின் அழுகைக்கும் நடுவில் கத்திக் கத்தி எண்ணினார். ஐம்பத்தெட்டு ராக்னாவுக்கு, மூன்று விட்காம்புக்கு. ஏழு ஓட்டில் ராக்னா ஜெயித்தாள். பெரித் அவளை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள், யாரோ கெட்டிலைக் கவிழ்த்தார்கள், தரையெல்லாம் காப்பி.

ராக்னா தொப்பியை எங்கோ தொலைத்துவிட்டு, கலைந்த தலையோடு லவீனியாவிடம் வந்தாள். "நாலு வருஷமா அந்தக் கடிதங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். லவீனியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விட்காம்ப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தோற்றவர் ஜெயித்தவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதித் தரவேண்டும் என்று ஆஸ்முண்ட் அவர் கையில் பேனாவும் தாளும் கொடுத்திருந்தார். அவர் வழக்கம்போல இரண்டையும் மனைவி பக்கம் நீட்டினார்.

"லவீனியா, நாலு வரி..."

"அதை நீங்களே எழுதுங்க," என்றாள் லவீனியா. ராக்னாவின் கையை விடாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். விட்காம்ப் மேஜைக்குப் போய், தாளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று யோசிக்க ஆரம்பித்தார்.