நீல எழுத்தை நம்பியவர்கள்

மூன்றாவது மாடியில், இன்னும் வெள்ளையடிக்காத ஒரு வீட்டின் கூடத்தில், ஏணி உச்சியில் உட்கார்ந்து சீலிங் ஃபேன் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் ஒயர்மேன். சட்டைப் பையில் போன் ‘டிங்’ என்றது. வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டே எடுத்துப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

“என்னய்யா, லாட்டரியா?” என்றார் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கொத்தனார்.

“இல்லண்ணே, நம்ம பிளாக்ல யாரோ ஏதோ வாங்கியிருக்காங்க. அதுல நமக்கும் ஒரு பங்கு.”

“ஏணி மேல உக்காந்துக்கிட்டு வியாபாரமா? இறங்கி வந்து பண்ணு. விழுந்து கிழுந்து தொலைக்கப் போற!”

பிளாக் என்றது போனில் அவர் எழுதிவந்த வலைப்பூவை. அது வியாபாரத்துக்காகத் தொடங்கியதல்ல. ஒயர்மேனின் மகளுக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். சரியான அழுத்தக்காரி என்று வீடே அவளைக் கொஞ்சிக்கொண்டிருந்தது. காதுக்கான டாக்டரம்மா ஒருவர்தான் பரிசோதித்துவிட்டு, பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, அதனால்தான் பேச்சும் வரவில்லை என்றார். அன்றைக்கு ஒயர்மேனும் அவர் மனைவியும் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் அலையாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. காது மெஷின் மாட்டி, பேச்சுப் பயிற்சி கொடுத்து, அந்தப் பிள்ளை வாய் திறந்ததும் பார்க்க வேண்டுமே! நான்கு வருஷத்துப் பேச்சையும் சேர்த்துவைத்துப் பேசினாள். இப்போது ஒன்பது வயது. வீட்டில் அவளுக்குப் பெயரே குயிலு.

தான் பட்ட பாட்டை இன்னொரு அப்பன் படக்கூடாது என்றுதான் ஒயர்மேன் எழுத ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், சிமெண்டு மூட்டையில் சாய்ந்துகொண்டு, போனிலேயே எழுதுவார். இலக்கணமெல்லாம் பார்க்கமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தன் மகளுக்கு வாங்கி, பயன்படுத்தி, நல்லது என்று கண்ட பொருளின் பெயரை மட்டும் நீல எழுத்தில் போடுவார். ‘நீலத்தில் இருந்தால் அது என் பிள்ளை போட்டுப் பார்த்தது, தைரியமாக வாங்குங்கள்’ என்று பிளாக்கின் உச்சியிலேயே எழுதியிருந்தார். நீளமாகப் படிக்கப் பொறுமையில்லாதவர்கள், எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்கிறவர்கள், நீலத்தை மட்டும் தேடிப் பார்த்துக் கடைக்குப் போவார்கள். அவர் முகத்தைப் பார்த்தே இராத எத்தனையோ வீடுகளில் அந்த நிறத்துக்கு அப்படி ஒரு மதிப்பு.

குயிலுக்கு இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டும். வாங்க முடிந்தது வலது காதுக்கு மட்டும். வகுப்பில் டீச்சர் இடது பக்கம் போய் நின்றால் பாடத்தில் பாதி காற்றோடு போய்விடும். இன்னொரு மெஷின் வாங்கியே தீர வேண்டும் என்பதுதான் ஒயர்மேனுக்குத் தூங்கினாலும் விழித்தாலும் நினைப்பு.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் மச்சினர். மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எந்தச் சிக்கலுக்கும் கையில் ஒரு வழி வைத்திருப்பவர்.

“மாமா, உங்க பிளாக்கை எவ்வளவு பேரு படிக்கிறாங்க தெரியுமா? தங்கச் சுரங்கத்து மேல பாய் போட்டுப் படுத்திருக்கீங்க.”

“படிக்கிறாங்க, சரி. அதுக்கு?”

“ஒரு சின்ன மென்பொருள் போட்டுடறேன். நீங்க எழுதினதுல எங்கெல்லாம் பொருள் பேரு வருதோ, அங்கெல்லாம் அதுவா கடை லிங்க் போட்டுடும். தொட்டா நேரா கடைக்குப் போயிடும். வாங்கினா கடைக்காரன் உங்களுக்குப் பங்கு தருவான். வாங்குறவங்களுக்கு ஒரு காசு கூட ஏறாது. நீங்க விரலை அசைக்க வேணாம்.”

போட்டும் விட்டார். ஒயர்மேன் பார்த்தார். பிளாக் முழுக்க வானம் மாதிரி நீலமாகிக் கிடந்தது.

“எல்லாம் நீலமா இருக்கே மாப்ளே? நம்ம பிளாக்ல நீலத்துக்கு ஒரு கணக்கு இருக்கே.”

“லிங்க்னா நீலமாத்தான் மாமா இருக்கும். இன்னும் நல்லதாப் போச்சு, நம்பித் தொடுவாங்க.”

“காசு வருதுன்னாவது ஒரு வரி எழுதிடலாமா?”

“விளம்பரம்னு தெரிஞ்சா எவன் மாமா தொடுவான்? ஊரெல்லாம் பண்றதுதான். நீங்க என்ன திருடவா செய்யறீங்க, பாப்பாவுக்காகத்தானே?”

ஒயர்மேனுக்கு மனசுக்குள் சுருக்கென்றது. ஆனால் ‘பாப்பாவுக்காக’ என்ற ஒரு வார்த்தைக்குத் தலையாட்டிவிட்டார். மனுஷன் தனக்காகச் செய்யக் கூசுவதைப் பிள்ளைக்காகச் செய்யும்போது அந்தக் கூச்சம் எங்கேதான் போய் ஒளிந்துகொள்ளுமோ! போன் அடிக்கடி ‘டிங்’ என்றது. நாலே மாசத்தில் பாதி மெஷினுக்குப் பணம் சேர்ந்துவிட்டது. குயிலு பள்ளிக்கூடத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் தனக்கு இரண்டாவது மெஷின் வரப்போவதைச் சொல்லித் தீர்த்தாள்.

ஒருநாள் மதியம் பிளாக்கில் அவர் கொடுத்திருந்த போன் எண்ணுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. ஒரு பெண். பின்னால் இஸ்திரி ஆவியின் புஸ்ஸென்ற சத்தம்.

“அண்ணா, வணக்கம்ணா. நான் சலவைக் கடையில தேய்க்கிற வேலை பாக்குறேன். என் பையனுக்கு மூணரை வயசு, அவனுக்கும் காது கேக்கல. நீங்க நீலத்துல போட்டிருந்த மெஷினைத்தான் வாங்கியிருக்கேன். மாட்டினாலே வீல்னு கத்துறான்ணா. தலையைச் சுவத்துல முட்டிக்கிறான். பழகிடும், பழகிடும்னு பதினோரு நாளா கையைப் பிடிச்சு வெச்சு மாட்டுறேன். இன்னும் எத்தனை நாள்ல பழகும்னு சொன்னீங்கன்னா...”

நாம் சொன்ன மெஷின் அப்படி வலிக்காதே என்று யோசித்த ஒயர்மேன், படம் அனுப்பச் சொன்னார். படம் வந்தது. பார்த்ததும் கையிலிருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. அது காது மெஷினே இல்லை. எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகப் பெருக்கிக் காதுக்குள் கொட்டுகிற மலிவான பெட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ‘இந்தச் சனியனை மட்டும் பிள்ளைக்கு வாங்கவே வாங்காதீர்கள், காதில் இருக்கிற கேட்கும் சக்தியும் போய்விடும்’ என்று அதன் பெயரைச் சொல்லித் திட்டி எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தார். திட்டியதெல்லாம் அப்படியே இருந்தது. நடுவில் அந்தப் பெட்டியின் பெயர் மட்டும் நீலத்தில் இருந்தது. தொட்டால் கடை.

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், நீலத்தைப் பார்த்தாள், வாங்கினாள். அந்த ‘டிங்’ சத்தங்களில் ஒன்று அவளுடையது.

மச்சினருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

“அது மென்பொருள் மாமா. பேரைப் பார்த்தா லிங்க் போடும். நல்லதுன்னு எழுதியிருக்கோமா, கெட்டதுன்னு எழுதியிருக்கோமான்னு அதுக்கு என்ன தெரியும்?”

“எத்தனை பேரு வாங்கியிருக்காங்கன்னு பாருய்யா.”

மச்சினர் கணக்கைத் திறந்து பார்த்தார். “நாப்பத்தோரு பேரு.”

“ஐயோ!”

“பதறாதீங்க. அந்த ஒரு லிங்க்கை மட்டும் எடுத்துடறேன். மத்தது ஓடட்டும். இன்னும் நாலு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தீங்கன்னா பாப்பாவுக்கு மெஷின் வந்துடும். எல்லாத்தையும் எடுத்தா அவ்வளவுதான்.”

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் குரல் செய்தியையும் போட்டுக் காட்டினார். மனைவி அதை இரண்டு முறை கேட்டாள். ‘கையைப் பிடிச்சு வெச்சு மாட்டுறேன்’ என்ற இடத்தில் அவள் கண் கலங்கிவிட்டது.

“நானும் குயிலு கையைப் பிடிச்சு வெச்சுத்தாங்க மாட்டினேன், ஆரம்பத்துல. ஆனா டாக்டரம்மா சொன்ன மெஷினை மாட்டினேன். அந்தப் பொண்ணு உங்களையில்ல டாக்டரா நெனச்சு மாட்டியிருக்கா!”

“என்ன பண்ணச் சொல்ற?”

“என்னைக் கேட்டா? நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணு முன்னால போய் நில்லுங்க. நானும் வர்றேன்.”

அன்று சாயங்காலமே எல்லா லிங்க்குகளையும் எடுக்கச் சொல்லிவிட்டார் ஒயர்மேன். மச்சினர் கொஞ்சம் முனகினார். ஆனாலும் எடுத்தார். குயிலிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

“அப்ப என் மெஷினு?”

“வரும்டா செல்லம். கொஞ்சம் தள்ளிப் போகும்.”

“போப்பா! எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்!” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதோடு நிற்காமல், காதிலிருந்த மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இனி யார் சமாதானம் சொன்னாலும் கேட்காதே! அந்த வீட்டில் அவளுடைய பெரிய கோபமே அதுதான்.

மறுநாள் காலையில் குயிலையும் கூட்டிக்கொண்டு விலாசம் கேட்டுப் போனார்கள். சலவைக் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. துணி மூட்டைகளுக்கு நடுவே அந்தப் பெண், கால் மாற்றி மாற்றி நின்றபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். பிளாக் எழுதுகிறவர் என்று தெரிந்ததும் இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரே ஒரு முக்காலியைத் துடைத்து, “உக்காருங்கண்ணா, நீங்களே தேடி வந்துட்டீங்களே,” என்று தவித்துப்போனாள். மேசைக்கு அடியில் அவள் பையன் பொத்தான்களை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். ஒயர்மேனால் உட்கார முடியவில்லை.

“தங்கச்சி, அந்தப் பெட்டியை இனி மாட்டாதம்மா. அது கெடுதல்னு நானே எழுதியிருக்கேன். காசுக்கு ஆசைப்பட்டு, அதுவா லிங்க் போடுற மென்பொருளைப் போட்டேன். அது அந்தப் பேரையும் நீலமாக்கிடுச்சு. நீ வாங்கினதுல எனக்கும் பங்கு வந்துச்சு. காசு வருதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. தப்பு மென்பொருளோடதுன்னு சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா மறைச்சது நான்தான்.”

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் புரிய வேண்டிய பாதி புரிந்துவிட்டது. “பதினோரு நாளு,” என்றாள். குனிந்து பையனை வாரி எடுத்து அவன் காதுமேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ஒயர்மேனின் மனைவி போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேராகக் குயிலின் டாக்டரம்மாவிடம் போனார்கள். பரிசோதித்துப் பார்த்த டாக்டரம்மா, “நல்ல வேளை, இதோட நிறுத்தினீங்க. காதுல இருக்கிற கேட்கும் சக்தி பத்திரமா இருக்கு,” என்றதும்தான் நான்கு பேருக்கும் மூச்சே வந்தது. தற்காலிகமாக மாட்டிப் பார்க்கத் தன்னிடமிருந்த ஒரு நல்ல மெஷினையும் அளவு பார்த்துக் கொடுத்தார். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. காதருகே எதைக் கொண்டுபோனாலும் பையன் வீறிட்டான், கடித்தான், மேசைக்கு அடியில் போய்ப் பதுங்கினான். பேச்சு பழக வேண்டிய வயது. இவன் இனி எந்த மெஷினையுமே காதில் ஏற்றமாட்டானோ என்று அந்தத் தாய் கலங்கி நின்றாள்.

அதுவரை மூலையில் உம்மென்று உட்கார்ந்திருந்த குயிலு எழுந்தாள். யாரும் சொல்லவில்லை. மேசைக்கு அடியில் அவளும் தவழ்ந்து போனாள். தன் மெஷினைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை உருட்டி ஒரு சிரிப்புச் சிரித்தாள். மறுபடி கழற்றினாள், கொடுத்தாள், வாங்கி மாட்டினாள். இருபது தடவையாவது இருக்கும். வெளியே அடுத்த ஆட்கள் காத்திருந்தும் டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் பையனே தன் மெஷினுக்குக் கை நீட்டினான். குயிலு மெதுவாக அவன் காதில் பொருத்தினாள். அவன் முகம் சுருங்கியது. அழப்போகிறான் என்று எல்லாரும் பயந்தார்கள்.

“தங்கம்,” என்றாள் அவன் தாய், ரொம்பச் சன்னமாக.

பையன் திரும்பினான். குரல் வந்த பக்கம், அவள் வாயையே பார்த்தான். அவள் தரையில் உட்கார்ந்து மறுபடி மறுபடி கூப்பிட்டாள். அவன் ஒவ்வொரு தடவையும் திரும்பினான். ஒயர்மேன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “இன்னும் நாப்பது பேரு இருக்காங்க தங்கச்சி. அவங்களுக்கு என்ன எழுதட்டும்? இந்த பிளாக்கையே மூடிடலாமான்னு இருக்கு.”

அவள் தோளில் பையன் தூங்கிப்போயிருந்தான். காதில் மெஷின் அப்படியே இருந்தது. அதை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

“மூடாதீங்கண்ணா. எனக்கு இந்த டாக்டரம்மாவைக் காட்டினதும் நீங்கதானே. காசு வாங்குறதும் தப்பில்ல. நானும் கூலி வாங்கிட்டுத்தான் தேய்க்கிறேன். ஆனா காசு வாங்கிட்டுச் சொல்றப்போ, காசு வாங்கிட்டுத்தான் சொல்றேன்னு சொல்லிடுங்க. அதை மறைச்சீங்கன்னா, உங்களை நம்புறவங்களையே வித்த மாதிரிண்ணா. என்னை மாதிரி ஆளுங்களுக்கு விசாரிக்க வேற இடமில்ல.”

மறுநாள் மதியம் ஒயர்மேன் பிளாக்கின் உச்சியில் அந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் எழுதினார். யார் சொன்னது என்பதையும், அவள் ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்பதையும், அந்தப் பெட்டியை வாங்கிய மற்ற நாற்பது பேரும் அதை இனி மாட்டவே கூடாது என்பதையும் அதற்குக் கீழே எழுதினார்.