தேர் உரசிய பக்கம்

எட்டு நாள் திருவிழாவில் என் இடுப்பு செத்துவிட்டது. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது என் வேலை. வலச் சக்கரத்தின் முன் கட்டையைச் சொருகினால் தேர் வலப்பக்கம் திரும்பும், இடச் சக்கரத்தில் சொருகினால் இடப்பக்கம். வடம் பிடிக்கிறவர்களுக்குக் கோவிந்தா போடத்தான் தெரியும். இருபது வருஷமாய்த் தேரை ஓட்டுகிறவன் நான்.

சுதந்திரம் வந்து எட்டு வருஷம் கழித்து ஊருக்குள் பஸ் வரப்போகிறது என்றார்கள். கடைவீதி முனையில் பஸ் திரும்பாது. ஒரு பக்கத்துக் கட்டடம் போயாக வேண்டும். வலப்பக்கம் ஷேக் தாவூதின் மாடி வீடு, கீழே புளி மண்டி. இடப்பக்கம் என் ஓட்டு வீடு. இரண்டுமே தாத்தா காலத்துச் சுவர்கள். எதை இடிப்பது என்று மூன்று மாதம் கத்தினார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள், "தேர் எந்தப் பக்கம் ஒரசுதோ அந்தப் பக்கம் இடிச்சிக்கலாம். பெருமாளே முடிவு பண்ணட்டும்" என்றார்கள். ரோடு அளக்க வந்த ஓவர்சியர் தலையாட்டினார். தாவூதும் சரியென்றான். கட்டை யார் கையில் இருக்கிறது என்று ஒரு மடையனும் யோசிக்கவில்லை!

"வூட்ட வுட்டுட்டு எங்கய்யா போறது?" என்று தேரன்று காலையில் என் மனைவி பாப்பம்மா அழுதாள்.

முனை வந்தது. இரு பக்கமும் படாமல் கொண்டுபோக எனக்குத் தெரியும். அப்படிப் போனால் மறுபடி பஞ்சாயத்து, மறுபடி கத்தல், மறுபடி அவள் அழுகை. போதுமடா சாமி என்றிருந்தது. வலச் சக்கரத்தில் கட்டையைச் சொருகினேன்.

தாவூதின் மாடிக் கைப்பிடிச் சுவர் மடமடவென்று சரிந்தது. நல்லவேளை, மாடியில் ஆள் இல்லை. ஜனம் கோவிந்தா போட்டது.

தேர் நின்றதும் தாவூது ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தான்.

"இந்தா வெங்கடப்பா, தண்ணி குடி. நீ என்னா பண்ணுவ? சாமி காட்ன வழி. கெலமங்கலத்துல தம்பி இருக்கான், போய்க்கிறேன். ஒன் வூடாவது தப்பிச்சுதே, அது போதும்."

த்தூ, நானும் ஒரு மனுஷனா! சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரே எங்கள் வாசலில் பாப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆமாப்பா, சாமி செயலுதான்" என்றேன்.