கால் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை

பட்டாளத்தில் சக்கரவர்த்திக்குத் துப்பாக்கியைவிட அதிகமாகப் பழகியது அடுத்தவர் கால்தான். அவன் நர்சிங் அசிஸ்டெண்ட். பனிமலையில் ரோந்து முடிந்து வரும் ஜவான்களை வரிசையாக உட்கார வைத்து, பூட்ஸைக் கழற்றச் சொல்லி, விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பான். கறுத்திருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா, கொப்புளம் உடைந்திருக்கிறதா. கர்னலே ஆனாலும் அவனிடம் காலைக் காட்டித்தான் ஆக வேண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பட்டாளத்துப் பழக்கமும் லேசில் விடுவதில்லை. பென்ஷனோடு கல்வராயன் மலைக்குத் திரும்பிய பிறகும், ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காலைக் காட்டச் சொல்வான்.

மருந்து கொடுக்க மாட்டான். ஊசியைத் தொடவே மாட்டான். கழுவித் துடைத்துக் கட்டுப் போடுவான். புண் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு விரட்டுவான். மாமியார் சாமியம்மாளுக்கு மட்டும் ஆரம்பத்தில் ஒரே கூச்சம். மாப்பிள்ளை முன்னால் காலை நீட்டுவதாவது என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். சர்க்கரை வியாதிக்காரிக்குக் காலில்தான் உயிர் இருக்கிறது என்று மிரட்டி, அவளையும் நீட்ட வைத்தான்.

ஆனால் அவனுக்கு வேண்டியிருந்தது வேலை. கள்ளக்குறிச்சியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பட்டாளத்துச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார்கள், மரியாதையாக டீ கொடுத்தார்கள், நர்ஸ் பதிவு இருக்கிறதா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். குண்டடி பட்டவனுக்குத் தையல் போட்ட கைக்கு, இங்கே ஒரு காய்ச்சல்காரனுக்கு டிரிப் ஏற்ற உரிமை இல்லை. என்ன நியாயமோ. வடக்கே பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீசுக்கும் சென்னையில் நர்சிங் கவுன்சிலுக்கும் நாயாய் அலைந்ததில் கடைசியாக ஒரு வழி பிறந்தது. கூடுதல் பயிற்சி எடுத்துப் பரீட்சை எழுதினால் பதிவு கிடைக்கும் என்றார்கள். மகள் வயதுப் பெண்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தான். அவர்கள் அங்கிள் என்று கூப்பிட்டதையும் பொறுத்துக்கொண்டான். பாஸும் செய்துவிட்டான். போலீசிலிருந்து ஒரு நன்னடத்தைச் சான்று வந்துவிட்டால் வேலை முடிந்தது.

நம் ஆட்களுக்குச் சந்தோஷம் வந்தால் கால் முதலில் போவது பிளெக்ஸ் கடைக்குத்தானே. அவன் மனைவி மீனாவின் தம்பி ஐயப்பன் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். லோடு இறக்கிய கையோடு கச்சிராயபாளையத்தில் பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தான். மாமா பாஸாகிவிட்டார் என்று அவனுக்குத் தெரியும். எதில் என்பது தெரியாது. கடைக்காரர் பட்டாளத்து போட்டோவில் தலையை மட்டும் வெட்டியெடுத்து, வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் மாட்டிய ஓர் உடம்பின் மேல் ஒட்டினார். மேலே கொட்டை எழுத்தில் ‘எங்கள் மலையின் டாக்டர்’. ஆடித் திருவிழாக் கூட்டமெல்லாம் பார்க்கட்டும் என்று மலைப்பாதை முக்கில் கட்டினார்கள்.

பார்த்ததும் சக்கரவர்த்திக்குப் பகீரென்றது. கழற்றச் சொன்னான். திருவிழா முடிந்ததும் தானே அவிழ்த்துவிடுவதாக ஐயப்பன் கெஞ்சினான். அதற்குள் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள், மாலை போட்டார்கள், பிளெக்ஸுக்குக் கீழே நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். அவனும் நின்றான். சிரிக்கவும் செய்தான். ஆபீஸ் ஆபீஸாகக் கைகட்டி நின்றவனை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும்போது, உதறிவிட்டு ஓட மனசு வரவில்லை. குற்றம் என்று பார்த்தால் அது ஒன்றுதான் அவன் செய்த குற்றம்.

போலி டாக்டர்களைப் பிடிக்க மலையேறிய அதிகாரிகளுக்கு அந்த பிளெக்ஸ் அலைச்சலே வைக்கவில்லை. வீடு எது என்று கேட்டதற்கு ஊர் பெருமையாகக் கை காட்டியது. உள்ளே பிரஷர் பார்க்கிற கருவி, பஞ்சு, கட்டுத்துணி. போதாதற்கு மாலையும் சிரிப்புமாக அவன் படம். பிளெக்ஸ் அடித்தது நான்தான் என்று ஸ்டேஷனில் ஐயப்பன் அழுததை எழுதிக்கொண்டார்கள், கேஸை விடவில்லை. சக்கரவர்த்தி ஜாமீனில் வெளியே வந்தான். சான்று கேட்ட இடத்தில் வழக்கு நிலுவையில் உள்ளது என்று எழுதிக் கொடுத்தார்கள். கேஸை முடித்துவிட்டு வாருங்கள் என்றது சென்னை. கோர்ட்டிலோ வாய்தாவுக்கு மேல் வாய்தா. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது.

நாற்காலி வீட்டுக்குள் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவன் சும்மா வாசலில் நின்றாலே ஊர் வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது. எதிரே வந்தவர்கள் வேட்டியையும் சேலையையும் தாழ்த்திக்கொண்டார்கள். தன்னை வெறுத்துவிட்டார்கள் என்று நினைத்து அவன் உள்ளுக்குள்ளேயே குமைந்தான்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், சாமியம்மாள் மகள் வீட்டுக்கு வந்து அடுப்போரம் குளிர்காய உட்கார்ந்தாள். சக்கரவர்த்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாய்க்குக் கொண்டுபோன சோறு பாதியில் நின்றது. அந்த வாடை அவனுக்குத் தெரியும். சதை அழுகும் வாடை.

"அத்த, காலக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல மாப்ள. சேத்துப்புண்ணு" என்று அவள் காலை இன்னும் உள்ளே இழுத்தாள்.

எச்சில் கையோடு எழுந்துபோய்ச் சேலையை விலக்கினான். பாதம் முழுக்கக் கறுத்து, கெண்டைக்கால் வரை வீங்கியிருந்தது. மரவள்ளிக் காட்டில் களைக்கொத்து பட்ட காயம். மஞ்சளை அப்பிக் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு, வாரக்கணக்கில் அவன் கண்ணெதிரிலேயே நடமாடியிருக்கிறாள். மீனா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். ஐயப்பனுக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்திருந்தது, அவன் ஒருவனைத் தவிர.

"ஏன் எங்கிட்ட காட்டல?"

சாமியம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "காட்டுனா நீ சும்மா இருப்பியா, கட்டுப் போட்டுடுவ. இன்னொரு கேஸு ஆயிடும். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வூட்ல யாரு வைத்தியம் பாத்ததுன்னு கேட்டு ஒம் பேரத்தான் எழுதுவாங்க. அதான் எல்லாரும் மறைச்சிக்கினு இருந்தோம். ஒனக்கு அந்த சர்ட்டிபிகேட்டு வந்துட்டா மொத ஆளா வந்து காட்டலாம்னு இருந்தேன்."

யாரும் அவனை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் அவள் கால் பிழைத்திருக்கும். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குக் குமுறிக்கொண்டு அழுகை வந்தது.

ஐயப்பனின் பிக்கப்பில் அவளைக் கள்ளக்குறிச்சிக்கு இறக்கினார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தாக வேண்டும், ஆனால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, எதற்கும் மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பிறகு எல்லார் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டார். "சர்க்கரை இருக்கிற அம்மா. கூட இருக்கறவங்க ஒருத்தருக்குமா காலைப் பாக்கணும்னு தோணல?"

எங்க மாமா என்று ஐயப்பன் வாயெடுத்தான். சக்கரவர்த்தி அவன் கையை அழுத்தி நிறுத்தினான்.

டிரேயைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் அவனைப் பார்த்துத் தயங்கினாள். அவனோடு ஒரே பெஞ்சில் படித்த தேவிப்ரியா. சட்டையில் புதிதாகப் பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள்.

"டிரெஸ்ஸிங் பண்ணணும் அங்கிள். கொஞ்சம் வெளிய இருங்க."

சாமியம்மாள் அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். அவன் குனிந்து அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்து விட்டான். விரல்கள் ஜில்லிட்டிருந்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே போய், மற்ற சொந்தக்காரர்களோடு சுவரோரமாக நின்றுகொண்டான்.