கூட்டல் குறி

முதிந்தா வரைந்த படத்தில் விதிமீறல் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விசாரணையில் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

எங்கள் நிறுவனம் லுசாகாவில் இருக்கிறது. எல்லைச் சாவடியில் எந்தத் தாள் யாரிடம் போக வேண்டும், யார் பார்த்தபின் லாரி நகரலாம் என்பதையெல்லாம் கணினியே நடத்தும்படி செய்வது எங்கள் தொழில். முதிந்தா படம் வரைவாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். வழிகள் பிரியும் இடத்திலும் சேரும் இடத்திலும் ஒரு சாய்சதுரம். அதற்குள் பெருக்கல் குறி இருந்தால் ஏதாவது ஒரு வழி போதும். கூட்டல் குறி இருந்தால் எல்லா வழியும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். உலகம் முழுக்க இதே விதிதான். அவள் வரைந்ததைக் கணினி அப்படியே ஓட்டும். ஓடிக்கொண்டிருப்பதைத் திருத்தும் சாவி என்னிடம் இருந்தது.

புதிய முறை திங்கட்கிழமை தொடங்கியது. புதன்கிழமை காலை சாவடியின் கால்நடை அதிகாரி நமாசிக்கு என்பவள் முதிந்தாவைப் போனில் அழைத்தாள்.

"சான்றிதழைப் பாத்து சரின்னு அழுத்திட்டேன். லாரிய விடமாட்டேங்குதே உன் மெஷின்!"

புதிய முறையில் வந்த முதல் உயிர்ச் சரக்கு அது. லாரியில் பன்னிரண்டாயிரம் கோழிக்குஞ்சுகள், பொரித்து இரண்டாம் நாள். ஓடும்போது காற்று கிடைக்கும், நின்றால் வெந்துபோகும். மாதமோ அக்டோபர்.

முதிந்தா படத்தைத் திறந்தாள். ஐந்தே நிமிடத்தில் அவள் முகம் மாறிவிட்டது. சான்றிதழ் இருந்தால் தாளை மட்டும் பார்க்கலாம், இல்லையென்றால் குஞ்சுகளை இறக்கிச் சோதிக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஆனால் இரண்டும் சேரும் இடத்தில் கூட்டல் குறி போட்டிருந்தாள். நடக்கவே போகாத சோதனைக்காகக் கணினி பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது.

ஒரு குறியை மாற்ற ஐந்து பேர் ஒப்புதல் வேண்டும். நால்வர் கொடுத்தார்கள். ஐந்தாவது, எங்கள் மேலாளர் கலூபா. அவர் இண்டோலாவில் ஒரு கூட்டத்தில் இருந்தார். போன் அணைந்திருந்தது.

"என்னால இங்க உக்கார முடியல" என்று முதிந்தா கார்ச் சாவியை எடுத்தாள். எல்லைக்கு இரண்டரை மணி நேரம். போகும் வழியில் நான்கு முறை அழைத்தாள். நான்கு முறையும் நான் சொன்னது ஒன்றுதான்: "அவர் போன் இன்னும் ஆஃப்லதான் இருக்கு."

ஐந்தாம் அழைப்பு சாவடியிலிருந்து வந்தது, பின்னால் கீச்சுச்சத்தம் கேட்டது. முதலில் லைன் கோளாறு என்று நினைத்தேன்.

"சிசேங்கா, மேல் தட்டுல இருக்கறதெல்லாம் வாயத் திறந்துட்டு கிடக்குது. டிரைவர் தண்ணி தெளிச்சிட்டிருக்காரு."

"நமாசிக்குவ தாள்ல சீல் வெச்சு அனுப்பச் சொல்லுங்கக்கா."

நமாசிக்கு போனைப் பிடுங்கினாள். "போன வருசம் அப்படி அனுப்புனவன் வேலை போய் இன்னும் வீட்டுல உக்காந்திருக்கான் தம்பி. இந்த டோங்காப் பொண்ணுக்கு மாட்டை எண்ணத்தான் தெரியும், கோழிய எங்க தெரியும்!"

"மீன் தின்னே வளந்த லோசிக்கு ரொம்பத் தெரியுமாக்கும்!" முதிந்தாவின் குரல் தூரத்தில் கேட்டது. டோங்கா இனத்தாரும் லோசி இனத்தாரும் ஒருவரையொருவர் கேலி பேசும் முறைக்காரர்கள். துக்க வீட்டில்கூட விடமாட்டார்கள். ஆனால் இருவருமே சிரிக்கவில்லை.

போன் மறுபடி முதிந்தா கைக்கு வந்தது. "நீ மாத்திடு. உன்கிட்ட சாவி இருக்குல்ல?"

"ஐந்தாவது கையெழுத்து இல்லாம எப்படிக்கா? எம் மேலதான் விழும்."

"எம் மேல விழட்டும்."

"அப்ப எழுதிக் குடுங்க."

"சரி" என்றாள்.

சாவடியில் இணையம் விட்டுவிட்டு வரும். கடிதம் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் நான் நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதுமாக இருந்தேன். திரையில் அந்தக் குறி எதிரிலேயே இருந்தது. விரல் போகவில்லை. கடிதம் வந்ததும் கூட்டலைப் பெருக்கலாக்க எனக்கு ஆனது பதினோரு நொடி.

லாரி கிளம்பியது. இறந்தவை இரண்டாயிரத்துச் சொச்சம்.

விசாரணையில் கலூபா படத்தைச் சுவரில் காட்டினார். "படத்தைச் சரிபாக்குற கருவி பச்சை காட்டியிருக்கு. தரவிதிப்படி எல்லாம் சரி. அப்புறம் தப்பு எங்கேருந்து வந்துச்சு?"

"பச்சைன்னா இலக்கணம் சரின்னு அர்த்தம் சார்" என்றாள் முதிந்தா. "இலக்கணப்படியே பொய்யும் எழுதலாம். நான் எழுதிட்டேன்."

எனக்குப் பாராட்டு கிடைத்தது, கடிதம் வாங்கியபின் கைவைத்ததற்காக. நான் எழுந்து நின்றேன். "சார், அந்த நாற்பது நிமிசம் என்னோடது. அதுல செத்தது என் கணக்கு."

"அது இன்னிக்கு விசாரிக்கிற விஷயம் இல்ல. உக்காருப்பா" என்றார் அவர்.

முதிந்தாவை ஆறு மாதம் வரைபட வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஆறு மாதத்தையும் சாவடியிலேயே கழிக்கிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் போயிருந்தேன். நமாசிக்குவின் அறையில் மூவரும் இன்ஷிமா என்கிற மக்காச்சோளக் களியும் பொரித்த மீனும் சாப்பிட உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே எந்த லாரியாவது பத்து நிமிடம் நகராமல் நின்றால் முதிந்தா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய்விடுவாள். மூன்று முறை போனாள்.

"உக்காந்து தின்னுடி, அது சிமெண்டு லாரி" என்று நமாசிக்கு கத்தினாள்.

நான்காம் முறை அவளுக்கு முன்னால் நான் எழுந்திருந்தேன்.