கோரை கட்டையாய் வளர்ந்த மூலை

1.

இந்தக் கதை ஓர் ஏமாற்றத்தில் தொடங்கியது. பூநாரைகளைப் பற்றி எழுதுவதற்காகத்தான் மன்னாருக்கு பஸ் ஏறினேன். நான் போன மாதத்தில் ஒரு பூநாரைகூட இல்லை. இலுப்பைக்கடவைக்கு அப்பால், வயல்களுக்கும் கடல் ஓடைக்கும் நடுவே, கோரை மட்டும் நெஞ்சளவுக்கு நின்றது. அதற்குள் ஒரு பெண் குனிந்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் அழகம்மா. இதெல்லாம் அவள் எனக்குச் சொன்னதுதான்.

முதலில் இப்படி எழுதினேன்: 'கோரை புல் அல்ல. புல்லின் தண்டு உருண்டை, கணு உண்டு. கோரையின் தண்டு முக்கோணம், கணு இல்லை. அதன் வேர்த்தண்டுகள் சேற்றுக்குள் ஒன்றோடொன்று பின்னி—'

நிறுத்திவிட்டேன். பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. ஆனால் அந்த வாக்கியம் பொய்யில்லை. வாசகர் அதை ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

2.

அழகம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சொந்தமாக வயல் இல்லை. பதினெட்டு வயதிலிருந்து அடுத்தவர் வயலில் களை பிடுங்கினாள். பிடுங்கியதில் பாதிக்கு மேல் கோரை.

அப்படிப்பட்டவளை, தாவர ஆய்வுக்கு வந்த ஜெனிஸ்ரன் கோரையை எண்ணுவதற்கு வேலைக்கு எடுத்தான். நான்கு குழாயைப் பொருத்திய ஒரு சதுரச் சட்டம். அதைச் சேற்றில் வைத்து, உள்ளே எத்தனை தண்டு, என்ன உயரம் என்று சொல்ல வேண்டும், அவன் எழுதுவான். முதல் சட்டத்தில் அவள் எண்ணிக்கொண்டே போனாள். அவன் நிமிர்ந்து பார்த்தபோது சட்டத்துக்குள் ஒரு தண்டும் இல்லை.

"அக்கா, எங்க கோரை?"

"புடுங்கிட்டேன் சேர்," என்றாள், கையில் கற்றையுடன். "கை பழகிப்போச்சு."

(அவள் பேச்சை எப்படி எழுதுவது என்று எனக்குக் குழப்பம். சிரிக்கும்போதும் கோபப்படும்போதும் அம்மாவின் மலைநாட்டுத் தமிழ் வரும். மற்ற நேரம் மன்னார்த் தமிழ். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன்.)

3.

மூன்றாவது வாரம், ஓடைப்பக்க மூலையில் அவள் சட்டத்தை வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

"ஏன் நிக்கிறியள்?"

"இந்த மூலையில முழங்காலுக்குத்தான் வந்திருக்கு. அங்க நெஞ்சளவு. போன வருசம் மண் தோண்டுற பெக்கோ வந்து கிண்டினது இந்த மூலையைத்தான்."

ஜெனிஸ்ரன் உப்பை அளக்கும் கருவியைத் தண்ணீரில் விட்டான். உப்பு, மற்ற இடத்தைப் போல நாலு மடங்கு. கோரை உப்பைத் தாங்கும், ஆனால் தாங்குகிற இடத்தில் குறுகித்தான் வளரும். சேற்றைப் பிடித்திருந்த வேர்கள் அந்த மூலையில் அறுந்துபோனதால், கடல் பெருகும் நேரத்தில் உப்புநீர் உள்ளே ஏறியிருந்தது.

இனித்தான் சிக்கல். மாரிக்கு முன்னர் கோரை முழுவதையும் பெக்கோ போட்டுத் தோண்டுவதென்று அந்த வயல்களின் கமக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். கோரை அடைத்து வயலில் தண்ணீர் நிற்கிறது என்பது அவர்கள் குறை. அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வேர் போனால் உப்பு வயலுக்கே வந்துவிடும்.

4.

கூட்டம் வாசிகசாலையில். காணிக்காரர் கதிரைகளில் உட்கார்ந்திருக்க, அழகம்மா கதவு நிலையோடு நின்றாள். ஜெனிஸ்ரன் பேசத் தொடங்கி, ஐந்தே நிமிடத்தில் எல்லோரையும் கொட்டாவி விட வைத்தான். (முதலில் எழுதியபோது அவனை நன்றாகப் பேச வைத்திருந்தேன். அழகம்மா ஒத்துக்கொள்ளவில்லை.)

கமக்காரர் சங்கத் தலைவர் சிவராசா குறுக்கிட்டார். "தம்பி, வெட்டின இடத்தில பயிர் கட்டையாத்தானே முளைக்கும்? இதை அளக்க ஒரு மிசினோ?"

"இல்லைங்க தலைவர்."

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது அழகம்மா. அந்த அறையில் இருந்த அத்தனை பேரின் வயலிலும் அவள் கூலிக்குக் குனிந்தவள். நாளைக்கும் அவர்கள்தான் கூப்பிட வேண்டும்.

"உங்கட வயல்லதான் இருவது வருசமா கோரை புடுங்குறேன். புடுங்கின ஒரு மாசத்தில முன்னையவிட உசரமா வந்து நிக்கும். நீங்களே என்னை ஏசியிருக்கிறீங்க, ஒழுங்காப் புடுங்கேல்லை எண்டு. அந்த மூலையில பெக்கோ போட்டு ஒரு வருசமாச்சு. இன்னும் எழும்பேல்லை."

யாரோ சிரித்தார்கள். சிவராசா சிரிக்கவில்லை.

அவள் உள்ளே வந்து மேசையில் ஒரு போத்தலை வைத்தாள். "அங்க அள்ளின தண்ணி. வாயில வச்சுப் பாருங்க."

சிவராசா விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். அந்த மூலையிலிருந்து அவருடைய கீழ்வயல் எழுபது கஜம்தான்.

"பெக்கோ வேண்டாம்," என்றார் கடைசியில். "வாய்க்காலை மட்டும் கையால துப்பரவாக்குவம். அழகம்மா, உம்மட ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும். எது எடுக்கிறது, எது விடுறது எண்டு நீரே சொல்லும்."

நன்றி சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த கதிரையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்தாள்.

5.

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் பூநாரைகள் வந்து இறங்கின. வெட்கமாக இருந்தது, கிழித்தேன். இன்னொன்றில் அழகம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாசித்துக் காட்டியதும், "அந்த வெயில்ல அதை யாரு போத்துறது?" என்று கேட்டாள். மூன்றாவது, வாய்க்கால் வேலை முடிந்து பெண்கள் கரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பதோடு—

அதையும் விட்டுவிட்டேன். ஏனென்றால் நான் புறப்படுகிற அன்று காலை சிவராசா சைக்கிளில் அவள் வீட்டுப் படலைக்கு வந்தார். இறங்காமலே கேட்டார்:

"கீழ்வயலில ஒரு பக்கம், கதிர் வரமுன்னமே நெல்லு மஞ்சளாக் கிடக்கு. ஒருக்கா வந்து பாக்கிறீரோ?"

"இண்டைக்கு ஏலாது தலைவர். சேரோட வேலை கிடக்கு. நாளைக்கு வாறன்."

"ஓம், நாளைக்கு வாரும்," என்று அவர் திரும்பிப் போனார்.

எனக்கு முருங்கன் பஸ் வந்துவிட்டது. அந்த வயலில் அவள் என்ன கண்டாள், அவரிடம் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டு எழுதவும் போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் அவளுக்குப் பின்னால் வரப்பில் நடந்து போங்கள். அவள் வேகமாக நடப்பாள்.