விரிசல் அழிந்த காசு

அன்று வந்திருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைவர் பலராமன். அவருக்கு இடக்கைப் பக்கம், குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு செயலாளர் செந்தாமரை. மேசைக்கு அந்தப் பக்கம், தலைவருக்கு நேர் எதிரே, வனமாமலை. கதவை ஒட்டி, மேசையோடு சேராமல் தனியாக இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் சாம்சன்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுவது படப்பை நாணயச் சங்கத்தின் வழக்கம். அங்கே ஒரு காசு மேசைக்கு வந்தால் எல்லார் கைக்கும் ஒரு சுற்றுப் போய்வரும். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று பின்னால் பேச்சு வந்தால், குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால் போதும். ஏழு வருஷத்தில் அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது.

பலராமன் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து, காசை உள்ளங்கையில் கவிழ்த்து நீட்டினார்.

"இன்னா தம்பி, எப்பிடி கீது? நேத்து அடிச்ச மாரி இல்ல?"

வனமாமலை கையை நீட்டவில்லை. நீட்டாமலே தெரிந்துவிட்டது. போன ஞாயிறு அவன் கொடுக்கும்போது அது கறுத்துப்போன காசு. இப்போது புது எவர்சில்வர் ஸ்பூன் போல ஜன்னல் வெளிச்சத்தை அவன் கண்ணிலேயே அடித்தது.

அது அமெரிக்காவில் 1830களில் அடித்த வெள்ளிக்காசு. அரை டைம் என்று பெயர், ஐந்து சென்ட் மதிப்பு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் குல்லாய் போட்ட பெண் முகம், மறுபக்கம் இறக்கை விரித்த கழுகு. நாங்குநேரியிலிருந்து வேலைக்கு வந்து பதினோரு வருஷமாக ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் டை என்னும் எஃகு அச்சுகளைப் பராமரிக்கும் வனமாமலைக்கு இந்தக் காசுகள் மேல் பித்துப் பிடித்ததற்கு அவன் தொழில்தான் காரணம். அந்தக் காலத்தில் டை ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாகக் கையால்தான் தட்டி முடித்தார்கள். அதனால் ஒரு டை போல இன்னொன்று இருக்காது. அடிக்க அடிக்க டையில் விரிசல் விழும். அந்த விரிசலுக்குள் வெள்ளி புகுந்து, காசின் மேல் மயிரிழை மாதிரி மேடாக ஒரு கோடு நிற்கும். கோட்டின் நீளத்தை வைத்து எந்தக் காசு முன்னால் அடித்தது, எது பின்னால் அடித்தது என்று சொல்லிவிடலாம்.

அவன் காசிலிருந்த கோடு கழுகின் இறக்கை நுனியில் கிளம்பி, ஓரத்திலிருந்த எழுத்தைக் கடந்து விளிம்புவரை போனது. புத்தகங்களில் எழுதியிருந்தது வேறு. கழுகுப் பக்கத்து டை முதலில் ஒரு பெண் முக டையோடு ஜோடி சேர்ந்து அடித்தது, பிறகு இரண்டாவது முக டைக்கு மாறியது, அத்தோடு முடிந்தது என்று போட்டிருந்தார்கள். இரண்டாவது முகம் உள்ள காசுகளில் விரிசல் எழுத்தைத் தொடாமலே நின்றுவிடுகிறது. இவன் காசில் இருப்பதோ முதல் முகம். ஆனால் விரிசல் எழுத்தையே தாண்டிவிட்டது. விரிசல் வளருமே தவிரக் குறையாது. அப்படியானால் கழுகு டை மறுபடி முதல் முகத்திடம் திரும்பி வந்திருக்கிறது. இதை இதுவரை ஒருவரும் எழுதவில்லை.

அமெரிக்காவிலிருந்து இந்தக் காசுகளுக்காகவே ஒரு பத்திரிகை நடத்தும் ஆசிரியருக்கு எழுதினான். மரியாதையாகப் பதில் வந்தது. போட்டோவில் கோடு தெரிகிறது, ஆனால் அது மேடா கீறலா என்று போட்டோவை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் சங்கத்தில் இரண்டு பேர் லென்சில் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், மாதக் கடைசிக்குள் வந்தால் அடுத்த இதழில் உங்கள் பெயரில் வரும் என்று. அந்தக் கையெழுத்துக்குத்தான் இன்றைய கூட்டம். நடுவில் வந்த கண்காட்சிக்கு வைக்க வேண்டும் என்று பலராமன் கேட்டதால் காசை ஒரு வாரம் கொடுத்திருந்தான். 'துடைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது' என்று கவர் மேல் சிவப்பு மையில் எழுதித்தான் கொடுத்தான்.

"யாரு தேய்ச்சா?" என்றான் வனமாமலை.

நகைக்கடைக்காரர் ஒருவர் தனக்குப் பழக்கம் என்றும், அவர் பட்டறையில் மெருகேற்றும் பஃபிங் மெஷினில் இரண்டு நிமிஷம் காட்டியதாகவும் பலராமன் பெருமையாகவே சொன்னார். கண்காட்சிக்குப் பெரிய மனிதர்கள் வருகிற இடத்தில் கரிக்கட்டையை வைக்க முடியுமா என்று கேட்டார். அவருடைய விக்டோரியா ரூபாய்கள் எல்லாமே அந்த மெஷினுக்குப் போய் வந்தவைதான்.

வனமாமலை லென்சை எடுத்தான். கழுகின் இறக்கை வழவழவென்று இருந்தது. எழுத்து உருண்டு மழுங்கியிருந்தது. கோடு இல்லை. சாய்த்துப் பார்த்தான், வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தான். இருநூறு வருஷம் யார் யார் பையிலோ கிடந்து வந்த கோடு, இரண்டு நிமிஷத்தில் போயிருந்தது.

"கவர் மேலேயே எழுதிக் குடுத்தேம்லா தலைவரே. படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"வார்த்தய அளந்து பேசு தம்பி. நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"நல்லதா? கல்வெட்டக் கொத்தி எடுத்துட்டு, கல்லு வழவழன்னு சமமா இருக்குன்னு சொல்லுவீங்க போல. இதுல வெள்ளிக்கு மதிப்பில்ல. அந்தக் கோட்டுக்குத்தான். நீங்க எடுத்தது அத மட்டுந்தான்."

அதற்குப் பிறகு பலராமனின் குரல் மாறியது. செந்தாமரை பக்கம் திரும்பி, 'காசு பெற்றபோது இருந்தபடியே திருப்பித் தரப்பட்டது' என்று எழுதச் சொன்னார். அமெரிக்காவுக்கு என்ன எழுதினாலும் தன் பெயரும் சங்கத்தின் பெயரும் அதில் வரக் கூடாது என்றார்.

செந்தாமரை பேனாவை எடுக்கவில்லை. படப்பைத் தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். வாங்கியது என்ன, கொடுத்தது என்ன என்று எழுதியே பழகியவள். போன வாரப் பக்கத்தைத் திருப்பி நிதானமாகப் படித்துக் காட்டினாள். "கறுப்பு நிறம். பின்பக்கம் இறக்கையிலேர்ந்து விளிம்பு வரிக்கும் ஒரு கோடு. இப்பிடித்தான் கீது சார், என் கையெழுத்துல. இப்ப நான் மாத்தி எழுதினா நான்தான் பொய்க்காரி."

"இந்த ரூமு யாருதும்மா?" என்றார் பலராமன்.

அறை அவருடையது. கீழே இருக்கும் ஹார்டுவேர் கடையும் அவருடையது. அது எல்லாருக்கும் தெரியும். செந்தாமரை பேனா மூடியைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். 'காசு மெருகேற்றப்பட்ட நிலையில் திருப்பித் தரப்பட்டது. கோடு காணப்படவில்லை.' எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தொடவில்லை.

வனமாமலைக்கு அதிலும் ஆத்திரம்தான் வந்தது. கோடு என்றுதான் எழுதியிருக்கிறது. மேடு என்று எழுதவில்லை. ஆசிரியர் கேட்டதே அந்த ஒன்றைத்தான். மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தான். லென்ஸ் எகிறி விழுந்தது. இனி எதை வைத்து எதைச் சொன்னாலும், கீறலைக் காட்டி ஏமாற்றப் பார்த்த எவனோ ஒருவன் என்றுதான் அங்கே நினைப்பார்கள்.

"அந்தப் பச்ச மாவு எங்கிட்ட கீது" என்றான் சாம்சன்.

நாற்காலியிலிருந்து எழாமல், யாரையும் பார்க்காமல் சொன்னான்.

அவனும் வனமாமலையும் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், ஒன்றரை மாதமாக அவர்களுக்குள் இருந்த சண்டையே அந்த மாவால் வந்ததுதான். டூல் ரூமில் டையின் வளைவை அளக்க, பல் டாக்டர்கள் பல்லுக்கு அளவெடுக்கும், இரண்டைக் கலந்தால் ரப்பராக இறுகும் பச்சை மாவைப் பிசைந்து அழுத்தி அச்சு எடுப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் வனமாமலை காசைக் காட்டியபோது, இது கீறல்தான் என்று சாம்சன் கிண்டல் செய்தான். வனமாமலை கை கழுவப் போய் வருவதற்குள் மாவைப் பிசைந்து காசின் மேல் அழுத்திவிட்டான். திரும்பி வந்து பார்த்த வனமாமலைக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மாவு இறுக ஐந்து நிமிஷம் ஆகும். இவன் மூன்றாவது நிமிஷத்திலேயே காசைப் பிடுங்கினான். "கைய வெட்டிருவேம்லே" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினான். அதோடு பேச்சு நின்றது.

"அத ஏன் இன்னும் வச்சிருக்க?"

"கடேசி பீஸ எவனாச்சும் தூக்கிப் போடுவானா?"

டையை மெஷினிலிருந்து இறக்கும்போது கடைசியாக அடித்த பீஸை டேக் கட்டி டையோடு வைப்பார்கள். அடுத்த முறை டை ஏறும்வரை அதை எறியக் கூடாது. டை எந்த நிலையில் இறங்கியது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அந்தப் பழக்கத்தில், கோபத்தோடு கோபமாக, சாம்சன் அந்த மாவுக்கும் டேக் கட்டியிருந்தான். தேதி, ஷிஃப்ட், நேரம், கையெழுத்து.

மூன்று பேரும் படியிறங்கும்போது, இனி இங்கே கூட்டம் கிடையாது என்று பலராமன் மேலிருந்து சொன்னார். ஷேர் ஆட்டோ ஹாரன் சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை.

சேரப்பணஞ்சேரியில் சாம்சன் வீட்டில், பச்சை உருண்டை பழைய டிபன் பாக்ஸில் இருந்தது. காசில் மேடாக இருப்பது மாவில் பள்ளமாக விழும். வனமாமலை லென்சை வைத்தான். கழுகு உள்வாங்கிக் கிடந்தது. அதன் இறக்கையிலிருந்து மெல்லிய பள்ளம் ஒன்று கிளம்பி எழுத்துவரை வந்து, எழுத்தைக் கடந்து அந்தப் பக்கம் நீண்டது. கீறலாக இருந்தால் மாவில் மேடாக அல்லவா விழுந்திருக்கும்? கீறல் இல்லை. விரிசல்தான். ஆனால் எழுத்தைக் கடந்த கொஞ்ச தூரத்தில் மாவு கிழிந்து போயிருந்தது. விளிம்பு இல்லை.

"நீ புடுங்காம வுட்டிருந்தா முழுசா வந்திருக்கும்" என்றான் சாம்சன். அவன் குரலிலும் கோபம் தணிந்திருக்கவில்லை.

"தெரியுது."

"தெரியுதில்ல. அதயும் எழுது."

கடிதத்தை அன்று மாலை மூன்று முறை எழுதினான். முதல் தடவை இரண்டு பக்கமும் பலராமனைத் திட்டியே தீர்ந்துவிட்டது, கிழித்தான். இரண்டாவதில் அந்தத் திட்டு ஒரு பத்தியாகச் சுருங்கியது. மூன்றாவதில் எண் போட்டு எழுதினான். காசு எந்தத் தேதியில் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது. எந்தக் கையில் இருக்கும்போது, எழுதிக் கொடுத்திருந்தும் மீறி, மெஷினில் போடப்பட்டது. அந்தக் கையின் சொந்தக்காரர் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு எழுதினான். அச்சு எடுத்தது யார், என்றைக்கு. ஏழாவது எண்ணில் இப்படி இருந்தது: 'விரிசல் எழுத்தைக் கடந்தது என்பதை அச்சில் நீங்களே பார்க்கலாம். விளிம்பைத் தொட்டதா என்பதை இனி நிரூபிக்க முடியாது. மாவு இறுகுமுன் நான் கோபத்தில் காசைப் பிடுங்கியதால் அந்தப் பகுதி கிழிந்துவிட்டது. அந்த நஷ்டம் என்னால் வந்தது. மற்றது என்னால் வந்ததல்ல.'

கீழே சாம்சன் கையெழுத்துப் போட்டான். அச்சு எடுத்தவன் என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டான்.

திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் செகண்ட் ஷிஃப்ட். பத்தரைக்குத் தபால் நிலையத்தில் நின்றார்கள். செந்தாமரை குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களையும் நகல் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். கடிதத்தைப் படித்து, அவன் லென்சை வாங்கி அச்சையும் பார்த்துவிட்டு, தான் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டாள். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்: 'அச்சிலுள்ள கோடு பள்ளம். லென்சில் பார்த்தேன்.' கையெழுத்து, தேதி. ஆசிரியர் கேட்ட இரண்டு பேர் ஆகிவிட்டது.

"உள்ள இன்னா கீதுன்னு ஃபார்ம்ல போடணும்" என்றாள். மாவு அச்சு, கடிதம் என்று வனமாமலை எழுதினான். மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது. செந்தாமரை அவனைப் பார்த்தாள். பிறகு அவளே அதில் மிகச் சிறிய தொகை ஒன்றை எழுதினாள்.

"மாடியில கூட்டம் இல்லையாமே?" என்றான் வனமாமலை.

"சொல்லிட்டாரு. நோட்டு எங்கிட்டத்தான் கீது."

டேக் கட்டிய உருண்டையைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் வைத்து, உறைக்குள் இறக்கினான். உறையின் வாயில் பசை தடவி, மடித்து, கட்டைவிரலால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அழுத்திக்கொண்டே போனான். இறுகும்வரை கையை எடுக்காதே என்றான் சாம்சன். வனமாமலை முறைத்தான், ஆனால் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்திருந்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். ஐந்தாவது நிமிஷம் செந்தாமரை உறையை வாங்கி, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னாலிருந்த சாக்கில் போட்டாள்.